வாத்தியார் நூற்ற நூல்

— மணி எட்டு இருபது. பத்தே முக்காலுக்கு அவா வந்துடுவா. நீ என்னடான்னா உக்காந்து சிரிச்சிண்டிருக்கே, அங்கம்மா.

— சிரிக்கல சாமி. சுக்குத் தூசி. மூக்குல ஏறிருச்சு.

— தூசிக்கு யாராவது வயித்தைப் பிடிச்சிண்டு குலுங்குவாளா?

— சரி, சிரிச்சேன். வாத்தியார் கல்யாணராமன் சாமி நூல் நூக்கப் படிக்கணும்னு அங்கம்மாவத் தேடிச் சுக்கு மூட்டை அடுக்குற கிட்டங்கிக்கு வந்து நிக்கிறாரு. அதுவும் ரெண்டரை மணி நேரத்துல. அழுகவா முடியும்?

— மெதுவாப் பேசு. வெளியிலே லோடிங்காரா நிக்கறா.

— அவுக மலையாளத்துக்காரக, தமிழ் அரைகுறை. பயப்படாதீக. காலை அந்தப் பக்கம் எடுத்து வைங்க, சுக்கை மிதிக்கிறீக.

— அய்யோ. ஏதாவது ஆகுமா?

— ஒண்ணும் ஆகாது. கப்பல்ல போற சுக்கு, லண்டன்காரன் உங்க பாதத்தோட கேக் தின்பான். யாரு வாராக? மொதல்லேருந்து சொல்லுங்க.

— பஜார் ரோட்டிலே பழைய அரிசி கோடவுனை வாங்கி வெள்ளையடிச்சு வெச்சிருக்காளே ஒரு பொண்ணு, ஸுப்ரியான்னு.

— தெரியும். வெளிநாட்டு ஆளுக அங்க போயிச் சும்மா உக்காந்துட்டு வருவாக.

— சும்மா இல்லை. தியானமாக்கும். இப்ப அதிலே நூல் நூக்கறதையும் சேர்க்கப் போறாளாம். மனசு அடங்குமாம். வாராவாரம் வந்து நூத்துக் காமிக்க ஒரு ஆள் வேணுமாம்.

— அதுவும் தெரியும். கேள்விப்பட்டு நான் போய் வாசல்ல நின்னேன். காவக்காரன் உள்ள விடல. சுக்கு டெலிவரி பின்பக்கம்னுட்டான்.

— எங்க பிராமணாள் சமூகத்துச் செக்ரட்டரி பிச்சுமணி அவகிட்டே போய், 'எங்க வாத்யார் இருக்கார். பதினெட்டு வருஷமா எங்க நூத்திநாப்பது பேருக்கும் பூணூலுக்கு வேண்டிய நூலைத் தானே தக்ளியிலே நூக்கறார். மௌனமா இருந்து, காயத்ரி சொல்லி'ன்னு அளந்துட்டார்.

— அவரா அளந்தாரு? நீங்க அவருக்கு அளந்ததை அவர் அந்தப் புள்ளைக்கு அளந்திருக்காரு.

— சரி, நான்தான். இப்ப அவ ஏழு பேரை அழைச்சிண்டு எங்க ஆத்துக்கே வரா. நான் நூக்கறதைப் பாக்கணுமாம். பிச்சுமணியும் கூட வரார்.

— கை சுளுக்குன்னு துணியச் சுத்திக்கிருங்க.

— சுளுக்கு போன மாசம் சொல்லியாச்சு. அதுக்கு முந்தி கண்ணு. அதுக்கு முந்தி தீட்டு. சரக்குத் தீந்துபோச்சு. 'ஓய், இந்தத் தடவை பாக்காம விடறதில்லை'ன்னு பிச்சுமணி சொல்லிட்டார். சொல்லறச்சே அவர் கண்ணு ஒரு மாதிரியா இருந்தது.

— இருந்தா இருக்கட்டுமே.

— அடுத்த செவ்வாய்க்கிழமை ஆவணி அவிட்டம், அங்கம்மா. நூத்திநாப்பது பேரும் என் முன்னாடி உக்காந்து பூணூல் மாத்திக்கணும். அந்த நூல் இந்தச் சுக்குக் கிட்டங்கியிலே நூத்ததுன்னு தெரிஞ்சா என்னை வாசப்படி ஏத்துவாளா? எனக்கு வேற என்ன தொழில் தெரியும்?

— கிட்டங்கியில நூத்ததுன்னா? அங்கம்மா நூத்ததுன்னா?

— ரெண்டும்தான்.

— ம். அப்படித் தெளிவாச் சொல்லுங்க.

— உனக்கு வருத்தமா?

— எனக்கென்ன வருத்தம். வருசத்துக்கு ஒரு சீலை, தீவாளிக்கு ஒரு டப்பா முறுக்கு. சீலை மட்டும் பதினெட்டும் பச்சை.

— என் ஆம்படையா பாக்கியம் எடுக்கறது அது. அவளுக்குப் பச்சைதான் கண்ணுலே படும். நூல் விஷயம் அவளுக்கும் தெரியாது, கேட்டயா. எனக்குக் கஷாயத்துக்கு நீ நல்ல சுக்காப் பொறுக்கித் தரியாம், அதுக்காக்கும்னு நினைச்சிண்டிருக்கா.

— பதினெட்டு வருசமாவா கஷாயம்? வயிறு என்னத்துக்கு ஆகும்!

— குடிச்சுத்தானே ஆகணும். தினமும் போட்டுத் தரா.

— பாவம் சாமி நீங்க. குந்துங்க. அந்தச் சாக்குல இல்ல, அதுல மொளகா இருந்துச்சு. இங்க வாங்க.

— இதாக்கும் தக்ளி?

— இதுகூடப் பாத்ததில்லையா?

— பாத்திருக்கேன். தொட்டுப் பதினெட்டு வருஷம் ஆச்சு. எனக்கு நூல் பொட்டலமாத்தானே வரும்.

— இது கம்பி. அடியில வட்டு, மேல கொக்கி. மொனை இந்தச் சிரட்டைக்குள்ள நிக்கணும். வலது கையால சுண்டி விடுங்க. இடது கையில பஞ்சு. பஞ்சை அழுத்தப்படாது.

— அழுத்தாம எப்படிப் பிடிக்கறது?

— கிளிக்குஞ்சைப் பிடிப்பீகல்ல, அது மாதிரி. நீங்க எலியப் பிடிச்ச மாதிரி பிடிச்சிருக்கீக.

— சரி, கிளி. சுண்டட்டுமா? அய்யோ, ஓடிடுத்து!

— மொளகா மூட்டைக்குப் பின்னாடி போயிருச்சு. போய் எடுங்க.

— எங்கே, தெரியலையே... ஹச்!

— நூறாயுசு.

— கிடைச்சுடுத்து. ஹச்! ஹச்!

— முந்நூறாயுசு. வாங்க. மெல்லச் சுண்டுங்க. இழுங்க. கையை மேல கொண்டு போங்க. இன்னும். இன்னும்... அந்துருச்சு.

— எனக்கு இது வராது.

— ஒரு தடவதான அந்துச்சு?

— அன்னிக்கும் இப்படித்தான். இந்த வேலைக்கு வந்த முதல் வருஷம், பழைய செக்ரட்டரி கடை நூல் கூடாதுன்னுட்டார். மூணு நாள் நூத்தேன். வந்தது நூல் இல்லை, கயிறு. பசுவைக் கட்டலாம். தலையிலே கையை வெச்சிண்டு இந்தப் பக்கமா வரேன், நீ அந்தப் படியிலே உக்காந்து நூத்திண்டிருக்கே.

— பொகையில விட்ட புதுசு அது. வாய் நமநமங்கும். கைக்கு ஒரு வேலை குடுத்தா வாய் அடங்கும்னு நூத்தேன். அருப்புக்கோட்டைப் பக்கம் கதர் சென்டர்ல பத்து வருசம் நூத்த கை.

— உன்னைப் பாத்ததும், பகவானே காமிச்சுக் குடுத்தார்னு நினைச்சேன். அன்னிக்கே ஸ்வாமிகிட்டே சொன்னேன்.

— சாமிகிட்ட சொன்னீக. செக்ரட்டரிகிட்ட சொல்லல.

— குத்தாதே. சொல்லிக்குடு. எட்டு முப்பத்தஞ்சு ஆச்சு.

— சுண்டுங்க.

— மந்திரம் சொல்லிண்டே பண்ணட்டுமா? பூணூலுக்கு நூக்கறச்சே அதைத்தான் சொல்லணும்.

— நல்லாச் சொல்லுங்க. மனசுக்குள்ள சொல்லுங்க. கை வரட்டும்... வரட்டும்... அந்துருச்சு. எங்க அந்துச்சு?

— பாதியிலே. பிச்சுமணி நினைப்பு வந்தது.

— மறுபடி. இழுங்க... அந்துருச்சு. இப்ப ஆரு?

— பிச்சுமணி. பக்கத்திலே ஸுப்ரியா.

— மந்திரத்துல ஒரு கொறையும் இல்ல சாமி. உங்களுக்கு அது பழகிப் போச்சு. வாய் தானாப் போயிரும், மனசு தனியா ஊர் சுத்தும். புதுசாப் படிக்கிறவுகளுக்கு வாய்க்கும் வேலை வேணும். அதுக்குத்தான் பாட்டு.

— என்ன பாட்டு?

— நூல் பாட்டு. 'வா நூலே'ன்னு ஆரம்பிக்கிறப்ப கை மடியில இருக்கும். வரி முடியிறப்பத் தோளுக்கு வந்துரும். அடுத்த வரிக்கு முறுக்கு ஏறும். அதுக்கடுத்த வரிக்குக் கம்பியில சுத்திக்கிரலாம். மொழம் போட்டுப் பாக்க வேண்டாம், நிறுத்தி யோசிக்க வேண்டாம்.

— மௌனமா நூக்கறதாச் சொல்லியிருக்கே.

— மௌனமா நூத்த லட்சணம் பாருங்க, கீழ மூணு துண்டு கெடக்கு.

— சரி, பாடு. நல்ல பாட்டுதானே? ஸ்வாமி பாட்டா?

— ம். சாமி பாட்டுதான்.

— பின்னே என்ன, பாடு.

— வேண்டாம். வேற ஏதாவது பாக்கலாம்.

— எட்டு அம்பது, அங்கம்மா!

— கோவப்படக் கூடாது.

— ஸ்வாமி பாட்டுக்கு யாராவது கோவப்படுவாளா?

— வா நூலே வா நூலே, வளைஞ்சு நெளிஞ்சு வா நூலே. குடுமிக்காரர் குந்தியிருந்து கூட்டுஞ் சோறுந் திங்கையிலே, இடுப்பு நோக நான் நூக்க, இழுத்த இழுப்புக்கு வா நூலே...

— நிறுத்து.

— இன்னும் மூணு வரி இருக்கு.

— குடுமிக்காரர் யாரு?

— பாட்டுல வார ஆளு.

— அங்கம்மா.

— நீங்கதான்.

— நானா!

— மட்டாஞ்சேரியில எனக்குத் தெரிஞ்ச குடுமி வேற ஏது?

— பதினெட்டு வருஷமா இதைப் பாடிண்டா நூத்தே? அந்த நூலையா நான் நூத்திநாப்பது பேருக்கு மந்திரம் சொல்லிப் போட்டேன்?

— நூத்திநாப்பத்தி ஒண்ணு. உங்களுதையும் சேருங்க.

— சிவசிவா. என் தோள்லேயே என்னைத் திட்டின நூலா!

— திட்டு இல்ல சாமி, மனத்தாங்கல். இதை எங்காத்தா பாடினப்ப உள்ள எங்கப்பன் இருந்தாரு. குடுமி இல்ல, மீசைக்காரர். கதர் சென்டர்ல சூப்ரவைசர் இருந்தாரு, கண்ணாடிக்காரர். ஆரு மேல மனத்தாங்கலோ அவுகள உள்ள வெச்சு நூக்குறது. கம்பி நெறையிறப்ப மனத்தாங்கல் போயிரும். நூல் மிஞ்சும்.

— என் மேலே உனக்கு என்ன மனத்தாங்கல்?

— பச்சைச் சீலை.

— விளையாடாதே.

— வெளயாடல. ஒரு வருசமாவது இந்த நூலை விரிச்சுப் பாத்து, 'அங்கம்மா, சீராருக்கு'ன்னு சொல்லியிருக்கீகளா? பொட்டலத்தை வாங்குவீக, மேல்துண்டுக்குள்ள சொருகுவீக, திரும்பிப் பாக்காமப் போயிருவீக. திருட்டுக் கோழியக் கொண்டு போற மாதிரி.

— ஆசாரமா இருக்கறவன் நான். என்னைக் கோழியோட சேர்க்காதே.

— சரி, திருட்டு வாழைக்காய்.

— நூல் சீராத்தான் இருக்கும். முறுக்கறச்சே ஒருநாள்கூட அறுந்ததில்லை.

— இப்பச் சொல்லிட்டீகல்ல. அடுத்த வருசம் ரெண்டு வரி கொறைச்சுக்கிரலாம்.

— நானும் யாரையாவது உள்ளே வெக்கணுமா?

— வெக்கணும். ஆனா அளவா. மனத்தாங்கல் இல்லாட்டி முறுக்கு ஏறாது. கூடிப்போனா அந்துரும்.

— அப்பப் பிச்சுமணியேதான். அவருக்கு என்ன அடையாளம் சொல்லறது?

— ஸ்கூட்டர்காரர்னு வைங்க.

— வா நூலே வா நூலே, வளைஞ்சு நெளிஞ்சு வா நூலே. ஸ்கூட்டர்காரர் சந்தேகப்பட்டு ஸோப்புப் போட்டுப் பேசையிலே... அயோக்யன், அடுத்தவா ஆத்து விஷயத்திலே மூக்கை நுழைச்சு—

— அந்துருச்சு. வட்டே ஆடுது சாமி. அம்புட்டு வேகம் ஆகாது. வேற ஆள் பாருங்க.

— பாக்கியத்தை வெக்கட்டுமா?

— வைங்க.

— வா நூலே... வா நூலே...

— சத்தமே வரலையே.

— அவளுக்குக் கேட்டுடுத்துன்னா?

— அவுக வீட்டுல இருக்காக. நடுவுல ரெண்டு சந்தும் ஒரு ரோடும் இருக்கு.

— உனக்கு அவ காதைத் தெரியாது. வேண்டாம். வேற யாரு?

— அந்த ஸுப்ரியா?

— அந்தக் கொழந்தைமேலே எனக்கு என்ன மனத்தாங்கல்?

— அப்ப ஒருத்தர்தான் மிச்சம். பாட்டுல ஏற்கெனவே இருக்காரே, அவர்.

— என்னை நானே திட்டிக்கணுமா!

— அளவா.

— மணி ஒன்பது பத்து... சரி. குடுமிக்காரர் குந்தியிருந்து. ஆனா நான் குந்த மாட்டேன், சம்மணம் போட்டுத்தான் உக்காருவேன். கூட்டும் இல்லை. எங்காத்திலே எரிசேரிதான் அதிகம்.

— எரிசேரி வெச்சா ஒரு இழுப்புக் கூடிரும். கூட்டே இருக்கட்டும்.

— எனக்காக ஒரு வார்த்தை மாத்தப்படாதா?

— நூலுக்காக மாத்தலாம். உங்களுக்காக மாத்த முடியாது. சுண்டுங்க.

— வா நூலே வா நூலே, வளைஞ்சு நெளிஞ்சு வா நூலே. குடுமிக்காரர் குந்தியிருந்து... வரது. அங்கம்மா, வரது!

— பேசாதீக. பாடுங்க.

— கூட்டுஞ் சோறுந் திங்கையிலே, இடுப்பு நோக நான் நூக்க, இழுத்த இழுப்புக்கு வா நூலே. சுத்திக்கட்டுமா?

— சுத்துங்க. கொக்கியில மாட்டி மறுபடி. அடுத்ததைச் சொல்றேன், கூடவே வாங்க. வா நூலே வா நூலே, வாசல் தாண்டி வா நூலே.

— வா நூலே வா நூலே, வாசல் தாண்டி வா நூலே.

— மந்திரஞ் சொன்னவர் பேராச்சு, மௌனங் காத்தவர் பேராச்சு.

— மந்திரஞ் சொன்னவர் பேராச்சு, மௌனங் காத்தவர் பேராச்சு.

— நொந்த வெரலு ஆருதுன்னு, நூலே நீயும் சொல்லாதே.

— நொந்த வெரலு...

— நிறுத்தாதீக. நிறுத்துனா அந்துரும்.

— நொந்த வெரலு ஆருதுன்னு, நூலே நீயும் சொல்லாதே.

— அம்புட்டுத்தான். திரும்ப மொதல்லேருந்து. நான் சுக்குப் பொறுக்கப் போறேன்.

— வா நூலே வா நூலே...

— சாமி. சாமி! போதும். கம்பி நெறைஞ்சிருச்சு.

— என்ன? இப்பத்தானே ஆரம்பிச்சேன்.

— மணி பத்தாகப் போகுது. நான் ஒரு மூட்டை பொறுக்கி முடிச்சிட்டேன்.

— லாரி ஒண்ணும் வரலையா?

— மூணு வந்துச்சு. ஒருத்தன் சந்துல மாட்டிக்கிட்டு ஆரனை அமுக்கிக்கிட்டே நின்னான். லோடிங் சேட்டன் அவனோட ஆத்தா வரைக்கும் இழுத்தாரு.

— எனக்குக் கேக்கலை.

— ம்.

— அவன் ஆத்தா சமாசாரம்கூடக் கேக்கலை.

— அதான் சாமி. மத்தியானம் சோத்துக்கப்புறம் அரை மணி நேரம் நான் அங்கதான் போயிட்டு வருவேன்.

— முப்பது வருஷமா மத்தவாளுக்கு நான் சொல்லிக்குடுத்துண்டிருக்கேன். கண்ணை மூடுங்கோ, மூச்சை அடக்குங்கோ, மனசை நிறுத்துங்கோன்னு. எனக்கு அரை நிமிஷம் நின்னதில்லை. பாயசத்திலே வெல்லம் போறுமான்னு யோசனை வந்துடும்.

— இன்னைக்கு வரலையா?

— கூட்டுதான் வந்தது. பாட்டிலே இருக்கே. எங்கே, அந்த நூலைக் குடு. எனக்குத் தெரிஞ்சதை நான் காமிக்கறேன்.

— என்ன பண்றீக?

— நாலு விரல்லே தொண்ணூத்தாறு சுத்து. இப்படி. எண்ணிக்கோ. அப்புறம் மூணு இழையாச் சேர்த்து ஒரு முறுக்கு. அதை மறுபடி மூணாக்கி எதிர்ப்பக்கம் ஒரு முறுக்கு. கடைசியிலே இந்த முடிச்சு, பிரும்ம முடி.

— அம்மாடி. கை பறக்குதே சாமி.

— இது என்னோட கையாக்கும். இதிலே ஒரு பொய்யும் இல்லை.

— இம்புட்டு வருசமும் என் நூல் அங்க போயி என்ன ஆகுதுன்னு நான் பாத்ததே இல்ல. முடி அழகாருக்கு.

— நிஜமாவா?

— ஆமா. உங்களுக்கும் ஆரும் சொன்னதில்ல போல.

— நூத்திநாப்பது பேர்லே ஒருத்தர் சொன்னதில்லை.

— சாமி, ஒண்ணு கேக்கட்டா? அந்தப் புள்ள வெச்சிருக்கிற வேலைக்கு ஆளு நாந்தான?

— அது... ஆமாம். நீதான்.

— இங்க சுக்குக்குச் சுண்ணாம்பு போட்டு வெளுக்குறாக. அந்தத் தூசி நெஞ்சுல ஏறி ரெண்டு வருசமாச்சு. படியேறினா இளைக்குது. டாக்டர் இந்த வேலை ஆகாதுன்னுட்டாரு. அங்க வெள்ளைச் செவுரு, பெரிய சன்னல். உக்காந்து நூத்தாப் போதும். என் பேரை ஒரு வார்த்தை சொல்லுங்க.

— சொன்னா, உமக்கு அங்கம்மாவை எப்படித் தெரியும்னு கேப்பா.

— சுக்குக் கஷாயம்னு சொல்லுங்க.

— பிச்சுமணி விட மாட்டார். நீ நூத்ததையும் அவர் தோள்லே கிடக்கறதையும் சேர்த்து வெச்சுப் பாத்தா ஒரே மாதிரி இருக்கும். ஆவணி அவிட்டம் முடியட்டும், அங்கம்மா.

— அது முடிஞ்சா நவராத்திரி வரும்.

— அது முடியட்டும்.

— சரி சாமி. முடியட்டும். உங்க போன் அடிக்குது, எடுங்க.

— பாக்கியம்... ஹலோ. என்னது? எப்ப? நீ என்ன சொன்னே? அடி அசடே... இல்லை, உன்னைச் சொல்லலை. உன்னைச் சொல்லலைங்கறேனே! வெச்சுட்டா.

— என்னாச்சு?

— அவா பத்து மணிக்கே வந்தாச்சாம். நான் எங்கேன்னு பிச்சுமணி கேட்டாராம். சுக்கு வாங்கப் போயிருக்கார்னு வழி சொல்லி அனுப்பியிருக்கா.

— கஷாயம் கை குடுத்துருச்சு.

— பின்வாசல் இருக்கா?

— இருக்கு. தொறந்தா காயல். நீந்தத் தெரியுமா?

— மூட்டைக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கறேன்.

— மொளகா. ரெண்டு நிமிசத்துல நூறாயுசு ஆரம்பிச்சிரும். உக்காருங்க சாமி. உங்களுக்குத்தான் நூக்கத் தெரியுதே. இந்தாங்க, இந்தத் தக்ளியில நேத்து நான் நூத்தது கொஞ்சம் கெடக்கு. அதோட ஒட்டி இழுங்க. பாட்டு மட்டும் வாய்க்குள்ள.

— இப்படி ஒட்டினாப் போறுமா?

— அந்தா, ஸ்கூட்டர் சத்தம்.

— வா நூலே... வா நூலே...

— ஓய் வாத்யாரே! இங்கேயா இருக்கீர்?

— வாரும், பிச்சுமணி.

— ஏழு பேரும் சந்து முனையிலே நிக்கறா. ஸுப்ரியா அவாளுக்குக் குடோனோட சரித்திரம் சொல்லிண்டிருக்கா. நான் ஒரு நிமிஷம் முன்னாடி வந்தேன், உம்மைத் தனியாப் பாக்கலாம்னு. அடேயப்பா! நீர் நூத்திண்டிருக்கீரே!

— ஆமாம்.

— வாத்யாரே, என்னை மன்னிக்கணும். ஒரு மாசமா எனக்குச் சந்தேகம். நீர் நூக்கறதே இல்லை, எங்கேயோ மிஷின் நூல் வாங்கித் தள்ளறீர்னு. அதான் இவாளைச் சாக்கா வெச்சேன், கையும் களவுமாப் பிடிக்கலாம்னு. இங்கே வந்து பாத்தா, சுக்குத் தூசியிலே, சாக்குமேலே, உதடு மட்டும் அசையறது. என் கன்னத்திலே நானே போட்டுக்கணும்.

— போட்டுக்காதேயும்.

— உமக்கு ஒரு பொன்னாடை போத்தணும்னு இப்பவே தீர்மானம் பண்ணிட்டேன். இத்தனை வருஷமும் இங்கே உக்காந்துதான் நூத்தீரா?

— இங்கேதான்... நூத்தது.

— அறுந்துடுத்தே?

— காத்து.

— காத்தா? இங்கே மூச்சு விட முடியலை ஓய். பரவாயில்லை, ஒட்டிக்கும். நூத்திநாப்பது பேருக்கும் ஒத்தையாளா நூத்தீர், இல்லையா?

— ஆ... ஆமாம்.

— மறுபடியும் அறுந்துடுத்து.

— எனக்கு முடியலை, பிச்சுமணி. நான் நூக்கலை.

— கையிலே தக்ளி இருக்கே.

— இன்னிக்குக் காலமே கத்துண்டது. பதினெட்டு வருஷமா நூத்தது இந்த அங்கம்மா.

— யாரு, சுக்குப் பொறுக்கற இந்த அம்மாவா? ஹ! என்ன விநயம் ஓய் உமக்கு! பொன்னாடைன்னதும் இப்படிக் கூசறீரே.

— விநயமும் இல்லை, வெங்காயமும் இல்லை. நிஜம்.

— ஒரு காலம்பறையிலே யாராலயாவது இப்படி நூக்க முடியுமா? எங்கப்பா ஆறு மாசம் பாத்தார், விளக்குத்திரிதான் வந்தது. இங்கே பாரும், தலைமுடி மாதிரி, சீரா, ஒரு பிசிறு இல்லை.

— அது அவ நேத்து நூத்தது. அதுக்கு மேலே முண்டும் முடிச்சுமா இருக்கே, மரவட்டை மாதிரி, அது நான் நூத்தது. சட்டைப் பித்தானைக் கழட்டும். உம்ம தோள்லே கிடக்கறதை எடுத்து இதோட பக்கத்திலே வெச்சுப் பாரும். எதோட சேரறதுன்னு நீரே சொல்லும்.

— வாத்யாரே.

— பாரும்.

— பாத்துட்டேன். விளையாடாதேயும் ஓய். எங்கப்பாவுக்கு நான் காரியம் பண்ணினது இந்தப் பூணூலைப் போட்டுண்டு.

— அப்பா நன்னாத்தானே போய்ச் சேர்ந்தார்?

— அடுத்த செவ்வாய்க்கிழமை நூத்திநாப்பது பேர். நான் அவாகிட்டே என்ன சொல்லுவேன்? ஸுப்ரியாகிட்டே என்ன சொல்லுவேன்?

— நூக்கத் தெரிஞ்சவ இவதான், வேலையை இவளுக்குக் குடுன்னு சொல்லும். பாட்டு வேணும்னாலும் இவகிட்டே இருக்கு. என்னைத் திட்டற பாட்டு, நான் பாடிக் காமிக்கறேன்.

— சாமி, போதும். விடுங்க.

— விட மாட்டேன், அங்கம்மா. முடி மட்டும்தான் நான் போட்டது, பிச்சுமணி. அதையும் வேணும்னா வெட்டி எறியும்.

— சும்மா இரும் ஓய். அங்கம்மா, நீ என்னைப் பாரு. இவருக்குச் சுக்குத் தூசி தலைக்கேறிடுத்து, என்னமோ பேசறார். அவா சந்துக்குள்ளே வந்தாச்சு, செருப்புச் சத்தம் கேக்கறது. நூத்தது நீ இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லிடு. நான் நம்பிடறேன்.